ட்விலா அழுத்தாத மணி

என்னைத் தூக்கியதால்தான் ட்விலா ராட்லிஃப் தேர்வில் தோற்றாள்.

எங்கள் மலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். என் உடம்பைப் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சிரிப்பார்கள். பாதி ஆயுளை நிலக்கரிச் சுரங்கத்தில் கழித்து, கம்பெனி வாசலைப் பூட்டிக்கொண்டு போன பிறகு, நாற்பத்து நான்கு வயதில் நர்ஸ் படிக்கப் போனவன் நான். டென்வர் ஸ்லோன் என்று பெயர். என்னைப் போன்ற தடியனுக்குக் கல்லூரியில் கூடுதலாக ஓர் உத்தியோகம் உண்டு. செய்முறைத் தேர்வு நாட்களில் நோயாளியாகப் படுத்துக் கிடக்க வேண்டும்.

அன்று எனக்குப் பக்கவாதம். இடது கையும் இடது காலும் விளங்காது. தலைமாட்டுச் சுவரில் 'இரண்டு ஆள்' என்று ஓர் அட்டை மாட்டியிருந்தார்கள். இந்த நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும் என்று அதற்கு அர்த்தம். தனியாக இருந்தால் மணியை அழுத்திவிட்டு இன்னொருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். மணியின் பொத்தான் என் தோளுக்குப் பக்கத்திலேயே கட்டில் கம்பியில் தொங்கியது.

ட்விலா வந்தாள். கை கழுவினாள். பெயரைச் சொன்னாள். என் மணிக்கட்டுப் பட்டையைப் படித்துப் பார்த்தாள். "மிஸ்டர் ஸ்லோன், நாற்காலிக்குப் போலாமா? ஜன்னல் பக்கம் இளவெயில் நல்லா இருக்கு" என்றாள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அப்புறம் என் இடுப்பில், தூக்கும்போது பிடித்துக்கொள்கிற பட்டையைச் சுற்றினாள், தன் முழங்காலை என் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தாள், ஒரு மூச்சு இழுத்தாள். நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். என் அம்மாவுக்குப் பிறகு என்னை யாரும் அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை.

மூலையில் நின்றிருந்த ஆசிரியை மிசஸ் ஹாக்ஸ்டன் பேனாவை மூடினார்.

"ட்விலா, சுவர்ல என்ன எழுதியிருக்கு?"

ட்விலா அட்டையைப் பார்த்தாள். பிறகு பொத்தானைப் பார்த்தாள். அப்போதுதான் அது அங்கே இருப்பதே அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னொரு வாய்ப்பு இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு. அதுலயும் தவறிட்டா..." மிசஸ் ஹாக்ஸ்டன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ஒரே பாடத்தில் இரண்டு முறை விழுந்தால் நர்ஸ் படிப்பின் கதவு சாத்திவிடும், அப்புறம் திறக்காது. போன வருடம் புருஷன் கார்னெட் சாகக் கிடந்தபோது ட்விலா இதே பாடத்தில் ஒரு முறை விழுந்திருந்தாள்.

எங்கள் கல்லூரியின் நடைபாதையில் ஒரு பெரிய படம் ஒட்டியிருக்கிறது. மலையுச்சியில் ஒரு கழுகு, கீழே 'உன்னை நம்பு, உன்னால் முடியும்' என்று எழுத்து. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை எழுதியவன் ட்விலாவைப் பார்த்ததில்லை. தன் கையே தனக்குதவி என்று ஐம்பத்தொரு வருடம் வாழ்ந்தவள் அவள். தன்னை நம்புவதை அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம். வேறு ஒருவரை நம்ப வேண்டும் என்றால்தான் அவளுக்குக் கை வராது.

பீச் ஃபோர்க் ஓடைக்கு மேலே, பாதை முடிந்து ஓடைப்படுகையே பாதையாகிற இடத்தில் பிறந்தவள். அம்மா படுக்கையில் விழுந்ததும் பத்தாவதோடு பள்ளியை விட்டாள். பதினெட்டில் கார்னெட்டைக் கட்டிக்கொண்டாள். கார்னெட் எங்கள் சுரங்கத்தில் கூரை இடிந்து விழாமல் இருக்க அதற்கு இரும்பு ஆணி அடித்தவன். அவனும் நானும் எத்தனையோ நாள் ஒரே ஷிஃப்டில் இறங்கியிருக்கிறோம். ஒரே மகள் ஒஹாயோ மாநிலத்துப் பக்கம் வேலை தேடிப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். ட்விலா இருபத்திரண்டு வருடமாக ஊர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நர்ஸுக்குக் கீழே, தூக்க, துடைக்க, ஊட்ட இருக்கிற வேலை அது.

ஏன் படிக்க வந்தாய் என்று கேட்டால் கனவு, லட்சியம் என்றெல்லாம் சொல்ல மாட்டாள். "முதுகு" என்பாள். இன்னும் பத்து வருடம் ஆட்களைத் தூக்க அந்த முதுகு தாங்காது, நர்ஸ் ஆனால் தூக்குவது குறையும், அவ்வளவுதான். விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க ஒரு தேர்வு உண்டு. அதில் கணக்கில் மூன்று முறை விழுந்து நான்காவது முறை எழுந்தாள். கல்லூரிக்கு வந்த முதல் நாள் காரை விட்டே இறங்காமல் திரும்பிப் போய்விட்டாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சிறுநீர் முட்டியதால்தான் உள்ளே போனதாக அவளே சொல்வாள். இந்த வருடம் எங்கள் வகுப்புக்குள் முதலில் நுழைந்தபோது இருபது வயதுக் கேலீ அவளை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றாள்.

அந்தக் கேலீயும் நானும் ட்விலாவும் சேர்ந்துதான் படிப்போம். நாங்கள் ஒரு பங்கு கொண்டுவந்தால் ட்விலா மூன்று பங்கு கொண்டுவருவாள். அவரைக் குழம்பு, சோள ரொட்டி, உப்புக்கண்டம். நாங்கள் நீட்டியதை மட்டும் தொட மாட்டாள். "இப்பதான் சாப்பிட்டேன், கண்ணு" என்பாள். அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அந்தப் பழக்கத்தை இரண்டு வாரத்தில் மாற்றிவிடலாம் என்று நானும் கேலீயும் கிளம்பினோம். மாலையில் ட்விலா வேலைக்குப் போவதற்கு முன்னால் செய்முறை அறையில் கூடினோம். கேலீ கட்டிலில் படுப்பாள். நான் கதவுக்கு வெளியே காத்திருப்பேன். மணி கேட்டால் உள்ளே போக வேண்டும். மணி கேட்கவே கேட்காது.

"மணி, மிஸ் ட்விலா, மணி!" என்று உள்ளேயிருந்து கேலீயின் கத்தல்தான் கேட்கும்; எங்கள் பக்கம் மூத்த பெண்களை மரியாதையாக 'மிஸ்' என்பார்கள். எட்டிப் பார்த்தால் கேலீ ஏற்கெனவே நாற்காலியில் இருப்பாள்.

வாயால் கேட்டால் ட்விலா ஒரு படிகூடத் தவறாமல் ஒப்பிப்பாள். கை கழுவணும், பேர் சொல்லணும், அட்டையைப் பார்க்கணும், மணியை அழுத்தணும், காத்திருக்கணும். கட்டில் முன்னால் நின்றதும் கை தன்பாட்டுக்கு வேலையை முடித்துவிடும். ஒரு நாள் உண்மையிலேயே மணி அடித்தது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கேலீ நாற்காலியிலிருந்து எனக்குக் கையாட்டினாள்.

"அழுத்தினேனே!" என்றாள் ட்விலா.

"அழுத்தின. காத்திருந்தியா?"

"யாருக்குக் காத்திருக்கணும்?"

"எனக்குத்தான்! வெளியே மரம் மாதிரி நிக்கறேன்ல?"

"நீ அசைஞ்சு வர்றதுக்குள்ள புள்ளையை உக்கார வெச்சாச்சு. உனக்கு ஒரு வேலை மிச்சம். அதுக்குப் போய்க் கோவமா?"

"மிஸ் ட்விலா, தேர்வுல இப்படிச் செஞ்சா போச்சு" என்றாள் கேலீ. அவள் குரலில் அழுகை இருந்தது.

"கண்ணு, எங்க இல்லத்துல மணி அடிச்சா சுவர்ப் பலகையில விளக்கு எரியும். விளக்கு எரிஞ்சா யார் போவாங்க தெரியுமா? நான்தான். நானே அழுத்திட்டு நானே ஓடிப் போய் யாருன்னு பாக்கணுமா?"

கேலீ சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. இவள் போய்விட்டால் அந்த வகுப்பில் என் வயதுக்கு ஒரு முகம்கூட மிஞ்சாது என்ற பயமும் எனக்கு இருந்தது. பயந்தால் எனக்கு வாய் நீளும்.

"இது பழக்கம் இல்ல, ட்விலா. திமிரு. உலகத்துல நீ ஒருத்திதான் ஆளுன்னு நெனப்பு. கார்னெட் மூச்சுக்குத் தவிச்சப்போகூட ஒருத்தரை வீட்டுக்குள்ள விட்டியா நீ? நாங்க எத்தனை பேரு வாசல்லயே நின்னுட்டுத் திரும்பினோம்?"

ட்விலா பட்டையைச் சுருட்டி மேசையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இப்ப வயிறு குளுந்துச்சா?" என்று கேட்டாள் கேலீ.

அடுத்த இரண்டு வகுப்புக்கும் ட்விலா வரவில்லை. போன் எடுக்கவில்லை. வீட்டில் நான் உம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் மனைவி நடீன் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அழற பிள்ளைக்குத்தான் பால். அவளுக்கு அழவே தெரியாது. அவகிட்டப் போய் இப்படியா பேசுவ? போ, வாயால கெடுத்ததை வாயாலயே சரி பண்ணிட்டு வா" என்று சொல்லி, கோழியும் மாவுருண்டையும் வேகவைத்த குழம்பை ஒரு பாத்திரத்தில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். அடியில் பிளாஸ்திரி ஒட்டி 'ஸ்லோன்' என்று எழுதிய பாத்திரம்.

எங்கள் பக்கம் பாத்திரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. வெறுமனே திருப்பினால் சாப்பாடு கொடுத்தவர் முகத்தில் அறைந்த மாதிரி. கார்னெட் செத்த வாரம் ஊரே ட்விலா வீட்டுக்குப் பாத்திரம் அனுப்பியது. புதைத்து ஒரு வாரம் ஆவதற்குள் எல்லாப் பாத்திரங்களும் ஆப்பிள் பணியாரம் நிறைந்து வீடு வீடாகத் திரும்பிவிட்டன. அந்தப் பணியாரத்தைத் தின்னும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அழ வேண்டிய வாரம் முழுவதும் அவள் மாவு பிசைந்திருக்கிறாள்.

நான் போனபோது ட்விலா துணி துவைக்கும் மெஷினைப் பின்வாசல் பலகைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். தனியாகத்தான். அடியில் பழைய கம்பளத்தைப் போட்டு, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டினேன்.

"தொடாத."

தொடவில்லை. என் பிக்கப் வண்டியின் பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்தேன், பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு. அவள் தள்ளி முடித்து, இடுப்பில் கையை ஊன்றியபடி வந்து எதிரே நின்றாள்.

"நான் பேசினது தப்பு" என்றேன்.

"தப்புதான்."

"வகுப்புக்கு வா."

"எதுக்கு? என் கை கேக்க மாட்டேங்குது. நீயே பாத்தல்ல?"

எனக்குத் தெரிந்தது சுரங்கம்தான். அதையே சொன்னேன். "ஆணி அடிக்காத கூரைக்குக் கீழ தனியா போகக் கூடாதுன்னு உன் புருஷன் எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கான் தெரியுமா? 'யார்ரா அங்க தனியா?'ன்னு கத்துவான். அவன் கத்தலுக்குப் பயந்துதான் நான் இன்னும் உயிரோட இருக்கேன்."

"கார்னெட் கத்தினா ஆளு வந்துச்சு. எனக்கு வரல."

"எப்ப வரல?"

அவள் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வேலைக்குச் சேந்த முதல் வருஷம். எஸ்டில் பாக்ஸ்னு ஒருத்தர். வாத்தியாரா இருந்தவர். ரெண்டு ஆள் அட்டை. அப்ப நான் எல்லாத்தையும் சட்டப்படி செய்வேன். அவருக்கு பாத்ரூம் அவசரம். மணி அடிச்சேன். நின்னேன். யாரும் வரல. 'வருவாங்க சார், வருவாங்க'ன்னேன். அவருக்கு வெக்கம். பொம்பளை முன்னால படுக்கையை நனைக்க மாட்டேன்னு தவிச்சார். டவல் எடுக்க அலமாரி பக்கம் திரும்பினேன். தானே எழுந்துட்டார்."

என் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. மலையில பனி விழறதுக்குள்ள போயிட்டார். அன்னிக்கு முடிவு பண்ணினேன், டென்வர். இனி யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன். அதுக்கப்புறம் எத்தனை பேரைத் தூக்கியிருக்கேன். ஒருத்தரைக்கூடக் கீழ விட்டதில்ல. இப்ப போய் நின்னு காத்திருன்னு சொல்றாங்க. காத்திருந்தா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

திமிர் என்று சொன்ன நாக்கைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது எனக்கு. பாத்திரத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கே திரும்பி வந்துடும்" என்றாள்.

மறுநாள் வகுப்புக்கு வந்தாள். பாத்திரம் நிறைய ஆப்பிள் பணியாரம் இருந்தது.

தேர்வு நாளில் நோயாளியாகப் படுத்தவன் இரண்டாம் வருடத்துப் பையன், என்னிலும் தடியன். நானும் கேலீயும் வெளியே நிற்க வேண்டியவர்கள். மணி கேட்டால் நான் உள்ளே போய்த் தூக்க வேண்டும். மிசஸ் ஹாக்ஸ்டன் கதவருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மணி அடிச்ச உடனே உள்ள வராதீங்க, டென்வர். நான் தலையாட்டினப்புறம்தான்."

"ஏங்க?"

"ஆஸ்பத்திரியிலயும் உடனே யாரும் வர மாட்டாங்க. காத்திருக்கத் தெரியுதான்னு பாக்கணும். எல்லாருக்கும் இப்படித்தான் வைக்கிறேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எஸ்டில் பாக்ஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது ட்விலா என்னிடம் மட்டும் சொன்னது. இந்த வாயால் ஒரு முறை கெடுத்தது போதாதா என்று மூடிக்கொண்டேன். அந்த அம்மாள் உள்ளே போனார்.

கதவில் ஒரு சிறு கண்ணாடி உண்டு. அதில் முகத்தை வைத்துக்கொண்டேன். ட்விலா கை கழுவினாள். பெயர் சொன்னாள். சுவரைப் பார்த்தாள், அட்டையைத் தொட்டும் பார்த்தாள். பையனை எழுப்பிக் கட்டில் ஓரமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தாள். பட்டையைச் சுற்றினாள். அவள் இரண்டு கைகளும் பட்டையைப் பிடித்துவிட்டன. போச்சு என்று நினைத்தேன். கேலீ என் சட்டையைக் கசக்கினாள். ட்விலா ஒரு கையை மட்டும் பட்டையிலிருந்து பிரித்தெடுத்தாள். அந்தக் கை பொத்தானுக்குப் போனது.

மணி அடித்தது.

மிசஸ் ஹாக்ஸ்டன் தலையாட்டவில்லை. ட்விலா கதவைப் பார்த்தாள். கண்ணாடியில் என் முகம் அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே அந்தப் பையன் தனக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததை ஆரம்பித்தான். "எனக்கு அவசரம். பாத்ரூம் போகணும். இப்பவே போகணும்" என்று கேட்டது. பையன் கையை ஊன்றி எழ ஆரம்பித்தான்.

ட்விலாவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் கைப்பிடியைத் திருகிவிட்டேன். கேலீ என் கையைப் பிடித்து இழுத்து, "கெடுத்துடாதீங்க" என்றாள்.

ட்விலா அவனைத் தூக்கவில்லை. டவலுக்கும் திரும்பவில்லை. தரையில் மண்டியிட்டாள். அவன் இரண்டு முழங்காலிலும் தன் கைகளை வைத்து அழுத்தி அவன் முகத்தைப் பார்த்து என்னவோ சொன்னாள். பையன் எழாமல் உட்கார்ந்தான். ஒரு கையை அவன் காலிலேயே வைத்துக்கொண்டு, மறு கையை நீட்டி இன்னொரு முறை அழுத்தினாள்.

மிசஸ் ஹாக்ஸ்டன் தலையாட்டினார். கதவு உடைகிற மாதிரி நுழைந்தேன்.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

"இடது" என்றாள். அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தடியனை நாற்காலியில் உட்கார வைத்தோம். அவன் கனமாகவே தெரியவில்லை.

ட்விலா தேறிவிட்டாள். கேலீ நடைபாதையில் குதித்தாள். சந்தோஷப்பட வேண்டியவளைக் காணவில்லை. தேடிப் போனால் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கார்னெட்டைப் புதைத்த அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"அந்தப் பையன்கிட்ட என்ன சொன்ன? வருவாங்கன்னா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த வார்த்தை வாயில வரல. நான் இங்கதான் இருக்கேன்னேன்." மூக்கைத் துடைத்தாள். "இவ்வளவுதானா, டென்வர்? மண்டி போட்டு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு தடவை அழுத்தறது. இவ்வளவுதானா? அன்னிக்கு எஸ்டில் பாக்ஸுக்கு நான் இதைச் செஞ்சிருக்கலாமே."

"அன்னிக்கு நீ கத்தியிருந்தாலும் யாரு வந்திருப்பா?"

"கத்தியே பாக்கலையே."

தேறியவளுக்குப் பக்கத்தில், தேறாதவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை கல்லூரி வாசலில் காரை விட்டு இறங்காமல் என்னைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை இல்லத்தில் நடந்ததைச் சொன்னாள். புதிதாக வந்த ஒரு பெரியவர், ரெண்டு ஆள் அட்டை, சாப்பாட்டு நேரம். ட்விலா மணியை அழுத்தினாள். கூட வேலை செய்கிறவள் கட்டிடத்தின் மறுகோடியில் யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்தது. ட்விலா மண்டியிட்டாள். மறுபடி அழுத்தினாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"அப்புறம்?"

"கத்தினேன். 'ஆள் வேணும்!'னு. நடை முழுக்கக் கேட்டுச்சு. கெழவிங்க எல்லாம் வாசலுக்கு வந்துட்டாங்க. ஆபீஸ்லேருந்து மேனேஜர் அம்மா குதிகால் செருப்போட டக்கு டக்குன்னு ஓடி வந்துச்சு. 'என்ன ட்விலா, தீப்பிடிச்சிருச்சா?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"'இல்லீங்க, இவருக்கு ரெண்டு பேரு வேணும். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க'ன்னேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் கார்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தேன். ட்விலா சிரிக்கவில்லை.

"பிடிச்சாங்க, டென்வர். எப்படிப் பிடிக்கணும்னே தெரியல. ஆனா பிடிச்சாங்க. இருபத்திரண்டு வருஷமா அந்த ஆபீஸ் அங்கயேதான் இருக்கு. நான் கூப்பிட்டதே இல்ல."

அடுத்த வாரமே அவளுடைய ஷிஃப்டுகள் பாதியாகிவிட்டன. காரணம் கேட்டதற்கு ஆட்களைக் கலவரப்படுத்துகிறாள் என்றார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆபீஸ் கதவைப் பிடுங்கிவிட்டு வரலாம் என்றேன். வேண்டாம் என்றாள். அவள் இன்னும் அங்கேதான் போகிறாள், மீதமிருக்கிற நாட்களுக்கு. ரெண்டு ஆள் அட்டையைப் பார்த்தால் அழுத்துகிறாள். சில நாள் யாராவது வருகிறார்கள். வராத நாளில் கத்துகிறாளாம். படிப்பில் இன்னும் இரண்டு பருவம் பாக்கி இருக்கிறது, அடுத்ததில் மருந்துக் கணக்கு வருகிறது. கணக்கென்றால் அவளுக்குப் பேய்.

ஷிஃப்ட் குறைந்த செய்தி கேட்டு நடீன் அவரைக் குழம்பும் சோள ரொட்டியும் அதே பாத்திரத்தில் கொடுத்தனுப்பினாள். ட்விலா வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்கே வந்துவிடும் என்றும் சொல்லவில்லை. வகுப்பில் எங்கள் முன்னாலேயே திறந்து, கேலீயிடம் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பசித்தவள் சாப்பிடுகிற சாப்பாடு அது. நாங்கள் இரண்டு பேரும் புத்தகத்தைப் பார்ப்பது போல இருந்தோம்.

இரண்டு நாள் கழித்துப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோனேன். நடீன் மூடியைத் திறந்து பார்த்தாள். சுத்தமாகக் கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு என்று நான் சொல்லியிருக்கிறேன். நடீன் அந்த வெறும் பாத்திரத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அடுப்புப் பக்கம் போய் அதை மறுபடி நிரப்பினாள்.